வளைவும் திருப்பமும்: தகடூர் நாட்டில் காதால் கேட்கும் சொல் வரலாறு

பழைய தகடூரான தருமபுரியிலிருந்து சேலத்துக்குப் போகிறவர்கள் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, சாலையோரப் பலகைகள் 'வளைவு' என்று எச்சரிக்கின்றன. ஊர்ப் பேருந்தில் வருகிறவர் நடத்துநரிடம் 'அந்தத் திருப்பத்துல நிறுத்துங்கண்ணா' என்கிறார். இளைஞர்கள் 'டர்னிங்' என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். பலகை எழுதியவரும் பயணியும் ஒரே இடத்தைத்தான் குறிக்கிறார்கள் என்றாலும், தமிழ் அவ்விரண்டையும் ஒன்றாக எண்ணவில்லை. வளைவு என்பது சாலையின் வடிவம். யாரும் போகாத நள்ளிரவிலும் அது அங்கேயே இருக்கும். திருப்பம் என்பது போகிறவரின் செயல். ஒருவர் திசை மாறும்போதுதான் அது நிகழ்கிறது. கதையில் 'திருப்பம்' வருகிறது என்கிறோம், 'வளைவு' வருகிறது என்று யாரும் சொல்வதில்லை.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு போனால், நேர்கோட்டை விட்டு விலகுகிற எல்லாவற்றுக்கும் தமிழ் எவ்வளவு நுணுக்கமாகப் பெயர் வைத்திருக்கிறது என்பது புலப்படும். பொருளே வளைந்திருப்பதற்கு வளை, கோடு, கூன், குனி என ஒரு கூட்டம். நின்ற இடத்தில் சுழல்வதற்குத் திரி, சுழல், உருள் என இன்னொரு கூட்டம். ஒன்றை நடுவில் வைத்துச் சுற்றி வருவதற்குச் சுற்று, சூழ். போன வழியே வருவதற்குத் திரும்பு, மீள், மடங்கு, மறி. இவற்றின் பிறப்பை ஆராய நூலகத்துக்குப் போக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு வேறு ஊர்க்காரர்களுக்கு எளிதில் கிடைக்காத ஒரு வசதி உண்டு. ஓசூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் தளியிலும் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் அன்றாடம் காதில் விழுகின்றன. ஒரு வேரிலிருந்து கிளைத்த மூன்று சொற்களை ஒரே சந்தைக்குள் கேட்டுவிடலாம். டி. பர்ரோவும் எம். பி. எமனோவும் 1961-இல் வெளியிட்டு, 1984-இல் விரித்து மறுபதிப்பாகத் தந்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும் இனச்சொற்கள், இங்கே அடுத்தடுத்த வீடுகளில் புழங்குகின்றன.

முதலில் 'திரி'. இவ்வகைச் சொற்களிலேயே மிகுதியாகக் கிளைத்தது இதுதான் என்பது என் எண்ணம். திரிதல் என்றால் சுழலுதல், அலைதல், முறுக்கேறுதல், இயல்பு மாறுதல் என நான்கு பொருளும் உண்டு. நான்கும் தனித்தனியே முளைத்தவை அல்ல. பஞ்சை விரல்களுக்கிடையே உருட்டி முறுக்கினால் கிடைப்பது விளக்குத்திரி. நாரை முறுக்குவது கயிறு திரித்தல். நடந்ததை முறுக்கி வேறாகச் சொல்வது செய்தியைத் திரித்தல். இலக்கில்லாமல் சுற்றுகிறவன் ஊர் ஊராகத் திரிகிறான். புளிப்பு விழுந்த பால் தன் இயல்பிலிருந்து மாறித் திரிந்துபோகிறது. இதே வேரில் 'திருகு' பிறந்து திருகாணி, திருகல், திருகுவலி என்று பரவியது. 'திரும்பு', 'திருப்பு' என்பவற்றையும் இக்குடும்பத்திலேயே வைக்கிறார்கள்.

ராகியை உணவின் மையமாகக் கொண்ட இப்பகுதியில் இச்சொல்லின் மிகப் பழைய வடிவம் ஒன்று வீட்டுக்குள்ளேயே இருந்தது. அரைக்கும் கல்லுக்குத் திரிகை என்று பெயர்; வழக்கில் திருகை, திருவை என்றும் வழங்கும். கீழ்க்கல் அசையாது. அதன் நடுவில் அறைந்த முளையின் மேல் மேல்கல் உட்கார்ந்திருக்கும். மேல்கல்லின் நடுக்குழியில் ராகியைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, ஓரத்தில் செருகிய மரப்பிடியைப் பிடித்துச் சுற்றச் சுற்ற, தானியம் இரு கற்களுக்கும் இடையே நகர்ந்து விளிம்பு வழியாக மாவாகச் சிந்தும். வேலை முழுவதும் சுழற்சியிலேயே நடப்பதால் கருவிக்குச் சுழற்சியே பெயராயிற்று. தெலுங்கு பேசும் வீடுகளில் இதே கல்லுக்குத் 'திரகலி' என்று பெயர். தெலுங்கிலும் கன்னடத்திலும் சுழல், சுற்று என்பதற்கு வினை 'திருகு'. சாலைத் திருப்பத்துக்குக் கன்னடத்தில் 'திருவு'. மின் அரவை ஆலைகள் வந்தபின் கல் முற்றத்து மூலைக்குப் போய்விட்டாலும், மூன்று மொழிகளும் ஒரே வேரைப் பற்றிக்கொண்டிருந்ததற்கு அது கண்கூடான சான்று.

தமிழ் இலக்கணமே இந்த வேரின் மேல் ஒரு பெரிய கருத்தைக் கட்டியிருக்கிறது. தொல்காப்பியம் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுக்கிறது. புணர்ச்சியில் ஓர் எழுத்து வேறாவது, மிகுவது, குறைவது ஆகிய மூன்றையும் அது 'திரிபு' என்ற ஒரே பெயரால் அழைக்கிறது. பின்வந்த நன்னூல், தோன்றல், திரிதல், கெடுதல் என்று பிரித்து, பொன் + குடம் = பொற்குடம் என்பது போன்ற மாற்றத்துக்கு மட்டும் திரிதல் என்ற பெயரை ஒதுக்கியது. பால் திரிவதற்கும் னகரம் றகரமாகத் திரிவதற்கும் ஒரே வினையைப் பயன்படுத்திய அந்தப் பழைய ஆசிரியர்கள், மொழியையும் உலகப் பொருள்களைப் போலவே இயல்பும் மாற்றமும் உடையதாகக் கண்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஓர் இணையைக் காட்டாமல் நகர முடியாது. ஊதுவத்தி, மெழுகுவர்த்தி என்பவற்றில் உள்ள வத்தியும் வர்த்தியும் வடமொழி 'வர்த்தி' என்பதிலிருந்து வந்தவை. அதன் வேர் 'வ்ருத்'. பொருள், சுழலுதல், திரும்புதல். இலத்தீனில் 'வெர்த்தெரே' என்ற வினையும் அதே இந்தோ-ஐரோப்பிய மூலத்தைச் சேர்ந்தது. தமிழும் வடமொழியும் வெவ்வேறு மொழிக்குடும்பங்கள், வேர்களும் வேறு. ஆயினும் விளக்கில் இடும் பொருளைப் பார்த்தபோது இரண்டும் 'முறுக்கப்பட்டது' என்றே பெயர் வைத்திருக்கின்றன. நாம் இன்று கோயிலில் திரியும் ஏற்றுகிறோம், வத்தியும் கொளுத்துகிறோம். பணப் பரிவர்த்தனையும், கச்சேரியில் மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனமும் அதே 'வ்ருத்' வேரின் பிள்ளைகள்.

அடுத்து 'சுற்று'. இதில்தான் மூன்று மொழிகளின் உறவு ஒலிவிதியாகவே வெளிப்படுகிறது. தமிழ் எழுத்தில் சுற்று, கன்னடத்தில் சுத்து, தெலுங்கில் சுட்டு. ஒரு சொல்லை மட்டும் வைத்து விதி சொல்லக் கூடாது என்பதால் இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பாம்பும் கறையானும் வாழும் புற்று, கன்னடத்தில் ஹுத்த, தெலுங்கில் புட்ட. தமிழின் 'ற்ற' வரும் இடத்தில் கன்னடம் 'த்த' என்றும் தெலுங்கு 'ட்ட' என்றும் ஒழுங்காக ஒலிக்கின்றன. பேச்சுத் தமிழும் 'சுத்து' என்றே சொல்வதால், ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் ஒருவர் 'சுத்திப் போகணும்' என்று தமிழில் சொல்வதும் கன்னடக்காரர் தம் மொழியில் சொல்வதும் வேர் அளவில் காதுக்கு ஒன்றாகவே இருக்கும். ஆனால் ஒருவரிடமிருந்து மற்றவர் வாங்கியது அல்ல இது. இரு மொழிகளும் பழைய ஒலியைத் தனித்தனியே மென்மையாக்கி ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன.

தெலுங்கில் 'சுட்டம்' என்றால் உறவினர். தமிழில் 'சுற்றம்'. நம்மைச் சுற்றி இருப்பவர்களே உறவு என்ற எண்ணம் இரு மொழிகளிலும் நிலைத்திருப்பது எனக்குப் பெரிதும் பிடித்த செய்தி. 'சுற்றத்தால் சுற்றப்பட ஒழுகல்' என்று 524-ஆம் குறள் தொடங்கும்போது, பெயரும் வினையும் ஒரே மூச்சில் வந்து சொல்லின் பிறப்பைத் தாமே காட்டிவிடுகின்றன. சுற்றி உருட்டிய புகையிலை தமிழில் சுருட்டு, தெலுங்கில் சுட்ட. தமிழ்ச் சொல்லே கப்பலேறி ஆங்கிலத்தில் 'செரூட்' ஆயிற்று.

'சூழ்' என்பது பொருளில் இதன் பக்கத்தில் நிற்கும் சொல். ஆனால் அதற்கு வாய்த்த விதி வேறு. ஒரு கருத்தை நாலாபுறமும் சுற்றி வந்து எண்ணுவதே சூழ்தல். 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்கிற 671-ஆம் குறளில் சூழ்ச்சி என்பது கலந்தாய்வு. அதில் குற்றத்தின் நிழல்கூட இல்லை. அரசனுக்கு அறிவுரை சொல்பவர்களைச் 'சூழ்வார்' என்றே குறள் அழைக்கிறது. இன்று சூழ்ச்சி என்றால் சதி. பலர் கூடி மறைவில் எண்ணுவது எப்போதும் நன்மைக்கே ஆகாது என்ற அனுபவம் சொல்லின் மேல் படிந்துவிட்டது. அதே சமயம் 'சூழல்' கறைபடாமல் தப்பியது. 'சுற்று', 'சூழல்' இரண்டையும் சேர்த்துக் கட்டிய 'சுற்றுச்சூழல்' இப்போது பள்ளிப் பாடத்தின் பெயராக நிற்கிறது. 'சுற்றி வளைத்துப் பேசாதே' என்று சொல்லும்போதும் இப்படித்தான் இரண்டு சொற்களை ஒன்றாகப் பிணைக்கிறோம்.

சுழல், சுழி பற்றி நீட்ட வேண்டியதில்லை என்றாலும், ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்களுக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியிராது. வட்டமான பரிசலைப் பரிசல்காரர் ஒரே துடுப்பால் நின்ற இடத்தில் சுழற்றிக் காட்டுவார். அதே ஆற்றில் பாறைகளுக்கிடையே இருக்கும் சுழிகளை விட்டு விலகியே ஓட்டுவார். ஆற்றில் இருப்பதும் சுழி, எழுதத் தொடங்கும்போது போடும் பிள்ளையார் சுழியும் சுழி, மூன்று சுழி ணகரத்தில் இருப்பதும் சுழி, எண்களில் ஒன்றுமில்லாததற்கு வரையும் வட்டமும் சுழி. போச்சம்பள்ளிச் சந்தையில் மாடு பிடிக்க வருகிறவர்கள் பல்லைப் பார்ப்பதற்கு முன்போ பின்போ நெற்றியிலும் முதுகிலும் மயிர் சுழன்றிருக்கும் இடத்தைப் பார்க்கிறார்கள். அதுவும் சுழிதான், 'சுழி சுத்தம்' என்றால் அந்த மாட்டுக்கு விலை கேட்கலாம்.

இதுவரை வந்த சொற்களில் நன்மை, தீமை என்ற தீர்ப்பு பெரும்பாலும் இல்லை. 'கொடு', 'கோடு' என்னும் குடும்பத்துக்குள் நுழைந்தவுடன் நிலைமை மாறுகிறது. கொடு என்பதன் பழம்பொருள் வளைந்தது. வளைந்த வாள் கொடுவாள். ஆடு மேய்ப்பவர்கள் தழை வெட்டக் கையில் வைத்திருப்பது அதுவே. தேளின் வளைந்த முனை கொடுக்கு. வேலியோரம் காய்த்துச் சுருண்டு தொங்கும் கொடுக்காப்புளியின் பெயரிலும் அந்த வளைவைக் காண்கிறார்கள். மரத்தின் வளைந்த கிளையும், யானையின் தந்தமும், விலங்கின் கொம்பும் கோடு. இதன் இன்னொரு வடிவமான 'குட' என்பதிலிருந்து வளைந்த கடல் பகுதிக்குக் 'குடா' என்ற பெயர் வந்தது. வங்காள விரிகுடா என்று நாள்தோறும் வானிலை அறிக்கையில் கேட்கிறோம்.

இந்த எளிய வடிவப் பெயர் எப்படிக் கொடுமைக்குப் பெயரானது? இடையில் நின்றது கோல். அரசனின் கோல் நேராக இருந்தால் செங்கோல்; வளைந்தால் கொடுங்கோல். திருக்குறளில் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் 55, 56-ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. துலாக்கோலும் இதற்கு உதவியது: 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க்கு அணி' என்னும் 118-ஆம் குறளில் கோடுதல் என்பது ஒரு பக்கம் சாய்தல். கோல் நேராக இருப்பதும் தட்டு சமமாக இருப்பதும் நீதி என்றால், வளைவதும் சாய்வதும் அநீதி ஆவது இயல்புதான். காலப்போக்கில் வடிவம் மறைந்து தீர்ப்பு மட்டும் எஞ்சியது. இன்று 'கொடுமை' என்று சொல்லும் யாருக்கும் வளைவு நினைவுக்கு வருவதில்லை.

இந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்காமல் சொல்லைத் திருப்பிப் பிடித்தவரும் வள்ளுவரே. 279-ஆம் குறள் இது: 'கணைகொடிது யாழ்கோடு செவ்விதாங் கன்ன வினைபடு பாலால் கொளல்.' அம்பு வடிவில் நேரானது, செயலில் கொடியது. யாழின் தண்டு வடிவில் வளைந்தது, செயலில் இனியது. ஆகவே மனிதரையும் தோற்றத்தால் அன்றி அவர் செய்யும் செயலால் மதிப்பிட வேண்டும். நேராக நிற்கும் அம்புக்கு, வளைவிலிருந்து பிறந்த 'கொடிது' என்னும் சொல்லைச் சூட்டி, உண்மையில் வளைந்திருக்கும் யாழின் கோட்டுக்கு, நேர்மையைக் குறிக்கும் 'செவ்விது' என்னும் சொல்லைச் சூட்டியிருக்கிறார். சொற்களின் வேர்ப்பொருள் புலவர்க்கும் படிப்பவர்க்கும் உயிரோடு இருந்த காலத்தில்தான் இப்படி எழுத முடியும். சொல்லாராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் இந்தக் குறளைத்தான் காட்டுவேன். வேரை அறிந்து படிப்பவருக்கும் அறியாமல் படிப்பவருக்கும் இதன் சுவை ஒன்றாக இருக்க முடியாது.

வளைதல் மரியாதையான இடமும் உண்டு. 'வணங்கு' என்பதற்கு அடிப்பொருள் வளைதல். சங்கப் பாடல்களில் யாழின் வளைந்த தண்டை 'வணர்கோடு' என்கிறார்கள். 827-ஆம் குறளில் 'வில்வணக்கம்' என்று வருகிறது: வில் வளைவது தீங்கு செய்வதற்கே, பகைவரின் பணிவான சொல்லையும் அப்படியே எண்ணி ஏற்காதே என்பது கருத்து. அங்கே வணக்கம் என்பது கும்பிடு அன்று, வெறும் வளைவு. பின்னர் அது உடலின் வளைவாகி, பணிவாகி, நிமிர்ந்து நின்றபடியே தொலைபேசியில் சொல்லும் 'வணக்கம்' வரை வந்துவிட்டது.

வளைவிலிருந்து சக்கரத்துக்குப் போவோம். தகடூருக்கு இதில் தனிப்பெருமை உண்டு. இன்றைய தருமபுரியே அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர் என்பது ஊரறிந்த செய்தி. அவனைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்று 87-ஆம் பாடல், 'வைகல் எண்தேர் செய்யும் தச்சன் திங்கள் வலித்த கால்அன் னோனே' என்று முடிகிறது. ஒரு நாளில் எட்டுத் தேர் செய்துவிடக்கூடிய தச்சன், ஒரு மாதம் முழுவதும் உழைத்து ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் அது எவ்வளவு திண்மையோடு இருக்குமோ, அப்படிப்பட்டவன் எங்கள் வீரன் என்கிறார். சக்கரத்துக்கு அவர் இட்ட சொல் 'கால்'. தேர் நிற்பதும் நடப்பதும் அதன் மேல் என்பதால் அந்தப் பெயர். சுழற்சியை அது குறிக்கவில்லை. சங்க காலத்தில் திகிரி, ஆழி, உருள் என்று வேறு பெயர்களும் இருந்தன. ஆழி மோதிரத்துக்கும் ஆகிக் கணையாழி ஆனது. பக்கத்துச் செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், சேயாற்றில் நுரைக்குமிழி சுழல்வதைக் குயவனின் 'வனைகலத் திகிரி' சுழல்வதோடு ஒப்பிடுகிறது.

வண்டித் தச்சரிடம் போனால் சொல்வளம் இன்னும் கூடும். சக்கரத்தின் நடுக்கட்டை குடம். அதிலிருந்து கிளம்புவது ஆரக்கால். ஆரக்கால்கள் போய்ச் செருகும் வளைந்த மரத்துண்டுகள் வட்டை. அவற்றுக்கு மேல் இரும்புப் பட்டை. பட்டையைத் தீயில் பழுக்கக் காய்ச்சி வட்டைகளின் மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றினால், இரும்பு சுருங்கி மரத்துண்டுகள் அனைத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தனித்தனி வளைவுகளாக இருந்தவை முழுவட்டமாவது அந்தக் கணத்தில்தான். இன்று பொதுவழக்கில் நிலைத்த 'சக்கரம்' வடமொழிச் சொல். வடமொழி 'சக்ர', கிரேக்க 'கூக்ளோஸ்', ஆங்கில 'வீல்' மூன்றும் சுழலுதலைக் குறிக்கும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் பிறந்தவை. கூக்ளோஸிலிருந்து ஆங்கில வழியாகச் 'சைக்கிள்' வந்தது. ஆக 'சைக்கிள் சக்கரம்' என்று நாம் சொல்லும்போது, பல நூற்றாண்டு இடைவெளியில் வெவ்வேறு வழிகளில் தமிழுக்கு வந்த இரண்டு உடன்பிறப்புகளைச் சேர்த்துச் சொல்கிறோம்.

'வட்டம்' யாருடைய சொல் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வடமொழி 'வ்ருத்த' பழைய வடஇந்தியப் பேச்சுமொழியான பிராகிருதத்தில் 'வட்ட' ஆகி, அங்கிருந்து தமிழுக்கு வந்தது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. 'ந்ருத்த' என்பது 'நட்ட' ஆகி, தமிழில் 'நட்டம்', 'நட்டுவன்' என வழங்குவதை அதற்குத் துணையாகக் காட்டலாம். ஒலிமாற்றம் அச்சாகப் பொருந்துகிறது. தேவநேயப் பாவாணர் வழியினர், வளைதலைக் குறிக்கும் 'வள்' என்னும் வேரிலிருந்தே வட்டு, வட்டம் என்பவை வளர்ந்தன என்பார்கள். நட்டத்தின் சான்று வலுவானது என்பதால் நான் முதல் கருத்தின் பக்கமே சாய்கிறேன். ஆனால் வட்டு, வட்டில், வட்டை என்று உழைப்பவர் கைப்பொருள்களில் இவ்வளவு ஆழமாக ஊன்றிய சொல்லை வந்த சொல் என்று ஒரே வரியில் முடித்துவிடவும் மனம் ஒப்பவில்லை. 'வளை'யில் அந்த ஐயம் குறைவு. வளையல், வளையம், வளாகம், எலிவளை, நண்டுவளை என்று தமிழில் அது கிளைத்திருக்கிறது. கன்னடத்தில் வளையல் 'பளெ', 'பஸ்' என்பதில் வரும் முதல் ஒலியோடு. தமிழ் 'வா' கன்னடத்தில் 'பா' ஆவதையும் 'வில்' 'பில்லு' ஆவதையும் ஓசூரில் பிறந்த குழந்தைகள்கூட அறிவார்கள். அதே விதிதான் இங்கும்.

அரசு நிர்வாகம் முழுவதுமே இந்த வட்டச் சொற்களால் ஆனது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1965-இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது; 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இரு மாவட்டங்களுக்கும் இவ்விரண்டு வருவாய்க் கோட்டங்கள்: அங்கே தருமபுரியும் அரூரும், இங்கே கிருஷ்ணகிரியும் ஓசூரும். கோட்டங்களுக்குள் வட்டங்கள், ஊரக வளர்ச்சிக்கு வட்டாரங்கள், துறைகளுக்கு மண்டலங்கள், அனைத்துக்கும் மேலாக ஆட்சியர் அலுவலக வளாகம். எல்லை கோடு போட்டு அடைக்கப்படும் நிலத்தைத் தமிழ் நடுவிலிருந்து சுற்றிலும் விரிவதாகவே பார்த்திருக்கிறது.

வட்டத்தின் பெயரைத் தாங்கிய எழுத்தும் இம்மண்ணில் நிறையக் கிடைத்திருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி நடுகற்கள் பலவற்றில் இருப்பது வட்டெழுத்து. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்ட கற்களைப் பார்க்கலாம். எழுத்துகள் வட்டமாக இருப்பதால் இப்பெயர் என்பது பரவலான விளக்கம். கல்லில் வெட்டுவதால் வெட்டெழுத்து என்றும், வடவெழுத்து என்றும் வேறு விளக்கங்கள் சொன்னவர்களும் உண்டு. கல்லில் அந்த எழுத்தைப் பார்த்தபின் முதல் விளக்கத்தை விட்டு விலகத் தோன்றாது. அக்கற்களில் திரும்பத் திரும்ப வரும் வாசகம், 'தொறு மீட்டுப் பட்டான்' என்பது. தொறு என்றால் மாட்டு மந்தை. பகைவர் கவர்ந்து சென்ற மந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து அந்தப் போரில் இறந்தான் என்று பொருள். மீள் என்றால் போன வழியே திரும்பி வருதல். மீட்டல் என்றால் வரச் செய்தல். அடகு வைத்த நகையை மீட்பதும் அந்த மந்தையை மீட்டதும் ஒரே சொல். இதன் பக்கத்தில் நிற்பது 'மறி': எதிரே நின்று தடுத்துத் திருப்புதல். அதிலிருந்து வந்ததுதான் சாலை மறியல்.

ஒலி ஒத்திருப்பதை மட்டும் நம்பிச் சொற்களைச் சேர்த்துக் கட்டுவது இத்துறையின் பெரிய இடர். கடனுக்குக் கட்டும் வட்டி சுழன்று சுழன்று வருவதால் வட்டத்திலிருந்து வந்தது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது வடமொழி 'வ்ருத்தி', அதாவது வளர்ச்சி என்னும் சொல்லின் பிராகிருத வடிவத்திலிருந்து வந்தது. திரிசூலத்திலும் திரிகடுகத்திலும் உள்ள 'திரி' மூன்று என்னும் வடசொல். முறுக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. கிரிவலத்தில் உள்ள 'வலம்' சுற்றுதலைக் குறிப்பதாகத் தோன்றினாலும் அதன் பொருள் வலப்பக்கம். வலிமை உள்ள கை இருக்கும் பக்கம் என்பது அதன் பிறப்பு. வணங்கும் பொருள் நமக்கு வலப்பக்கத்தில் இருக்கும்படி சுற்றுவதால், பழக்கத்தால் சுற்றுதலின் சாயல் அதில் ஏறியது.

கடைசியாக, ஊர்ப் பெயரைப் பற்றிய ஒரு கேள்வி. தமிழில் 'புரி' என்றால் முறுக்கு, இழை. முப்புரி நூல், வலப்பக்கமாகச் சுழித்த வலம்புரிச் சங்கு என்பவற்றில் அதைக் காணலாம். தருமபுரியின் புரியும் அதுவோ என்று மாணவர்கள் கேட்பதுண்டு. விடையைக் கன்னடமே தருகிறது. பழைய பகரத்தில் தொடங்கிய சொற்களைக் கன்னடம் ஹகரத்துக்கு மாற்றிக்கொண்டது: பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, புகை ஹொகெ. ஒகேனக்கல் என்ற பெயரே புகையும் கல்லும் சேர்ந்ததுதான். அவ்வாறே முறுக்கிய இழையைக் குறிக்கும் புரி கன்னடத்தில் 'ஹுரி' ஆயிற்று. நகரத்தைக் குறிக்கும் வடமொழிப் புரியோ இந்த மாற்றத்துக்கு உட்படவில்லை. அதனால்தான் கன்னடக்காரரும் இந்த ஊரைத் 'தர்மபுரி' என்றே அழைக்கிறார்.